எதிரணியோடு ஏறவேண்டிய பாலம்

விளையாட்டு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு தரப்பு வெல்லவும் மறு தரப்பு தோற்கவும் வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட வழக்கம். ஆனால், எதிரணியோடு இணங்கி ஒரு காரியத்தைச் செய்து முடிப்பவர்களுக்கு வெற்றி பெற்றவர்களுக்கு நிகரான புள்ளிகளை வழங்குவது என்று விதி வகுத்துக்கொண்டு, அவ்விதியின்படியே அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலுமாக 2,300-க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர் அணிகள் 2012-ஆம் ஆண்டில் ஒரு போட்டியை ஆடின. தாங்களே செய்த ரோபோக்களைக் கொண்டு அவர்கள் ஆடிய அந்தக் கூடைப்பந்தாட்டத்துக்கு ‘ரீபவுண்ட் ரம்பிள்’ என்று பெயர்.

இப்போட்டியை நடத்துவது ‘ஃபர்ஸ்ட்’ என்னும் ஸ்தாபனம். மருத்துவ சாதனங்கள் பலவற்றை உருவாக்கியவரும், பின்னாளில் ‘செக்வே’ என்னும் இருசக்கர வாகனத்தால் உலகப் பிரசித்தி அடைந்தவருமான டீன் கேமன், விளையாட்டு வீரர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் கொண்டாடும் இளைஞர்கள் விஞ்ஞானத்தையும் பொறியியலையும் அதே உற்சாகத்தோடு கொண்டாடவேண்டும் என்ற எண்ணத்துடன் 1989-இல் இதனைத் தோற்றுவித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களைச் சிறு யந்திரங்கள் செய்ய வைத்து, அவற்றைப் போட்டியிட விட்டுப் பாடம் நடத்திவந்த பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992-இல், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது.

ஆண்டுதோறும் ஆட்டம் புதிது. சென்ற ஆண்டின் ரோபோ இந்த ஆண்டுக்கு உதவாது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமையன்று ஆட்டத்தின் விதிகள் எல்லா அணிகளுக்கும் ஒரே வேளையில் வெளியாகும். 2012-இல் அந்த நாள் ஜனவரி 7. அன்றிலிருந்து ஆறு வாரங்களுக்குச் சற்றே மிகுந்த காலத்துக்குள், மாணவர்கள் பள்ளி முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கூடி, தொழிற்சாலைகளிலிருந்து வந்து வழிகாட்டும் பொறியாளர்களின் யோசனையைக் கேட்டு, வரைந்து, அறுத்து, துளையிட்டு, கணினியில் நிரல் எழுதி, 120 பவுண்டுக்கு மேற்படாத ஒரு யந்திரத்தை உருவாக்கவேண்டியிருந்தது. கெடு முடிந்ததும் அதனைப் பையிலிட்டு முத்திரையும் வைத்துவிடவேண்டும் என்பது அக்காலத்து விதி.

ஆடுகளம் 54 அடி நீளமும் 27 அடி அகலமும் உடையது. ஆட்டத்துக்கு மூன்று அணிகள் சிவப்புத் தரப்பாகவும், மூன்று அணிகள் நீலத் தரப்பாகவும் நிற்கும். இத்தரப்புகள் நிலையானவை அல்ல. தகுதிச் சுற்றில் யார் யாரோடு சேர்வது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டே இருக்குமாதலால், காலையில் தோளோடு தோள் நின்றவர்கள் மாலையில் எதிரே நிற்கக்கூடும். ஒவ்வொரு ரோபோவின் இடுப்பைச் சுற்றியும் ஒரு மெத்தை கட்டியிருக்கும். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பற்றிக்கொண்டு மிதக்கும் நுரை உருளைகளைப் பலகையின்மேல் வைத்து, துணியால் இறுகப் போர்த்தி, அணியின் எண்ணை வெள்ளை எழுத்தில் பொறித்துச் செய்தது அது. சிவப்புத் தரப்பில் ஆடும்போது சிவப்புத் துணியும், நீலத் தரப்பில் ஆடும்போது நீலத் துணியும் வெளியே தெரியவேண்டும்.

ரீபவுண்ட் ரம்பிளில் ஒவ்வொரு தரப்புக்கும் நான்கு கூடைகள்: தரையிலிருந்து 28 அங்குல உயரத்தில் ஒன்று, 61 அங்குலத்தில் இரண்டு, 98 அங்குலத்தில் ஒன்று. பந்து விழுந்தால் முறையே 1, 2, 3 புள்ளிகள். பந்து எட்டங்குல நுரைப்பந்து. ஒரு ரோபோ ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆட்டம் மொத்தமே இரண்டேகால் நிமிஷந்தான். அதில் முதல் 15 விநாடிகளில் எவரும் விசைப்பிடியைத் தொடக்கூடாது. யந்திரம் தன் நிரலின்படி தானாகவே பந்தெறியவேண்டும், அல்லது ‘கினெக்ட்’ என்னும் கருவியின் முன் நின்று ஒரு மாணவர் கையசைத்து அதற்குச் சைகை காட்டலாம். கூடைகளுக்குப் பின்னுள்ள பலகையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் நாடா ஒட்டியிருந்தது. பல ரோபோக்கள் தம் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கை ஏற்றி, பளபளக்கும் அந்தச் செவ்வகத்தைக் கொண்டே தூரத்தையும் திசையையும் கணக்கிட்டு எறிந்தன. இந்த 15 விநாடிகளில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் மூன்று புள்ளிகள் கூடுதல். அதன்பின் வரும் இரண்டு நிமிஷங்களில், களத்தின் கோடியில் கண்ணாடி போன்ற தடுப்புக்குப் பின்னால் நிற்கும் மாணவர்கள் தத்தம் ரோபோவை இயக்குவார்கள்.

களத்தை நடுவே குறுக்காகப் பிரித்து நாலங்குல உயரமுள்ள தடை ஒன்று கிடந்தது. அதன்மேல் மூன்று பாலங்கள். சிவப்பு, நீலத் தரப்புகளுக்கு ஒவ்வொன்று. நடுவிலிருந்த வெள்ளைப் பாலம் இருவருக்கும் பொது. பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகையைப் போல இவை நடுவில் அச்சுகொண்டு இருபுறமும் சாயும். ரோபோ தன் கையால் ஒரு முனையை அழுத்தித் தாழ்த்தி, மெல்ல ஏறி, பாலம் கிடைமட்டத்திலிருந்து ஐந்து பாகைக்கு மேல் சாயாதபடி நின்றால் அது சமநிலை. ஆட்டம் முடியும்போது தன் பாலத்தில் ஒரு ரோபோ நின்றால் 10 புள்ளிகள், இரண்டு நின்றால் 20. இறுதிக் கட்ட ஆட்டங்களில் மூன்றும் நின்றால் 40.

வெள்ளைப் பாலத்துக்குக் கணக்கு வேறு. அதில் ஒரு சிவப்பு ரோபோவும் ஒரு நீல ரோபோவும் சேர்ந்து ஏறிச் சமநிலையில் நின்றால் ஆட்டத்தின் புள்ளியில் எவருக்கும் ஒன்றும் கூடாது. தரவரிசைக்குரிய புள்ளியில் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு கூடும். ஏறியும் சமநிலை எய்தாவிட்டால் ஒவ்வொன்று. ஓர் ஆட்டத்தை வென்றவர்களுக்கே தரவரிசையில் கிடைப்பது இரண்டு என்பதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும். எதிரியோடு ஒரு பாலத்தில் நிற்பது எதிரியை வெல்வதற்குச் சமம் என்று விதிநூலே சொல்லிவிட்டது!

இதனைச் செய்து முடிப்பது எளிதன்று. இரு யந்திரங்களின் எடையும் சக்கரங்களும் வெவ்வேறு; ஒன்று சற்று முன்னே வந்தால் மற்றொன்று அதற்கேற்பப் பின்னே போகவேண்டும். இயக்குபவர்களோ களத்தின் இரு கோடிகளில், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே நிற்கிறார்கள். ஆகையால் ஆட்டத்துக்கு முன்னரே எதிரணியினரைத் தேடிச் சென்று, உங்கள் ரோபோ முதலில் ஏறட்டுமா, எங்களுடையதா, எந்த நேரத்தில், யார் அசையாமல் நிற்பது என்றெல்லாம் பேசி முடிவு செய்துகொள்வது அவசியமாயிற்று. சில நிமிஷங்களில் தோற்கடிக்கப்போகிறவர்களோடு இப்படி உட்கார்ந்து திட்டமிடும் பழக்கத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வேறெந்த ஆட்டம் கற்பித்திருக்கிறது?

இதற்கு ஆட்சேபமும் உண்டு. அடிக்கடி தோற்கும் அணியும் பாலத்தின் பலத்தால் தரவரிசையில் மேலே வந்துவிடலாம். முன்னணியில் நிற்பவரைக் கீழே இறக்கும் பொருட்டு எதிரணி வேண்டுமென்றே பாலத்துக்கு வராமல் இருக்கவும் கூடும். முதல் எட்டு இடங்களில் நிற்பவர்களே இறுதிக் கட்டத்துக்குத் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆகையால் இது அற்ப விஷயமன்று. ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது என்றாலும், அதன்பொருட்டு அவ்விதியைக் கைவிட்டிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. மறுக்க முடியாதபடி கட்டாயப்படுத்தப்பட்ட நட்புக்கு மதிப்பேது? மறுக்கும் சுதந்திரம் இருந்தும் ஏறியவர்களே அந்தப் பாலத்துக்குப் பெருமை சேர்த்தார்கள்.

அவ்வாண்டு ஏப்ரலில் செயின்ட் லூயி நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், ஐன்ஸ்டீன் பெயர் சூட்டிய இறுதிக் களத்தில் ரோபோக்கள் பல திடீர் திடீரெனத் தொடர்பறுந்து சிலையாய் நின்றன. ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி, ஆர்கன்சாஸ் மாகாணங்களைச் சேர்ந்த மூன்று அணிகள் பட்டம் பெற்றன. ஆயினும் மனக்குறை தீரவில்லை. ஸ்தாபனம் விரிவாக விசாரித்து ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, சில ரோபோக்களிலேயே இருந்த கோளாறுகளையும், ஒருவர் கைபேசியைக்கொண்டு வேண்டுமென்றே செய்த இடையூற்றையும் மறைக்காமல் எடுத்துரைத்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் உழைப்பை ஈடுசெய்ய அதனால் இயலாதாயினும், உண்மையை மூடிவைக்காமல் வெளியிட்ட அந்தச் செயலை நான் மெச்சுகிறேன்.

இந்த ஆட்டங்களின் விதிநூல்கள் எவரும் படிக்கும்படி இலவசமாகவே வெளியிடப்படுகின்றன. நம் பள்ளிகளில் மாணவர் போட்டிகளுக்கு விதி வகுக்கும் ஆசிரியர்கள் 2012-ஆம் ஆண்டு நூலைத் தேடி எடுத்து, பாலங்களைப் பற்றிய பகுதியையேனும் ஒருமுறை வாசிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.