உங்களுக்குத் தெரியுமா? நோயாளி பொம்மை, பதற்றம் நிஜம்!

உலகத்திலேயே அதிக முத்தம் வாங்கிய முகம் என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? சினிமா நடிகையின் முகத்தை இல்லை. 1960-இல் நார்வேயில் பிறந்த 'ரெசஸி ஆன்' என்ற பொம்மையின் முகத்தை! வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதப் பழகுவதற்காகச் செய்தது. செய்தவர் ஓஸ்முண்ட் லேர்டால். அவர் தொழில்? குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் தயாரிப்பது!

பாரிஸில் ஸேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சுதான் அந்தப் பொம்மைக்கு மாதிரி!

இன்னும் இருநூறு வருடம் பின்னால் வாருங்கள். 1759-இல் பிரான்ஸ் மன்னர் 15-ஆம் லூயி ஒரு மருத்துவச்சியை ஊர் ஊராக அனுப்பிவைத்தார். பெயர் மதாம் து குத்ரே. துணியும் தோலும் வைத்துத் தைத்த பிரசவப் பொம்மைதான் அவருடைய பாடப்புத்தகம். கிராமத்துப் பெண்களும் பழகினார்கள், சர்ஜன்களும் பழகினார்கள். மொத்தம் ஆயிரக்கணக்கான பேர்! அவருடைய பொம்மைகளில் ஒன்றே ஒன்று ரூவான் நகர மியூசியத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது!

சரி, கை பழகிவிட்டது. வாய்? 'டாக்டர், இது சரியில்லை' என்று ஒரு நர்ஸ் சத்தமாகச் சொல்லப் பழக வேண்டாமா? அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுக்கொடுத்தது விமானம்!

1977, டெனரிஃப் தீவு. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. எதிரே இருந்த விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் காதில் வாங்கவில்லை. இறந்தவர்கள் 583 பேர்!

இரண்டே வருடத்தில், 1979-இல், விமானி அறைக்குள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று பேச நாசா தனிக் கூட்டமே போட்டது. 1990-இல் அந்தப் பாடத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தார் ஸ்டான்ஃபோர்டின் மயக்க மருந்து நிபுணர் டேவிட் காபா. பொம்மையின் இதயத்துடிப்பு திடீரென்று சரியும். டீம் என்ன செய்கிறது என்று வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்!

2005, இங்கிலாந்து. சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்கான குழாய் தொண்டைக்குள் போகவில்லை. ஒரு நர்ஸ் தொண்டையில் துளை போடும் கருவிகளைக் கொண்டுவந்துவிட்டார். இன்னொருவர் ஐ.சி.யூ.வில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். டாக்டர்கள் குழாயோடே போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவருடைய கணவர் யார் தெரியுமா? விமானி! நடந்ததை அவரே சொல்லும் படம் இன்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பாடம்!

இப்போது பிரிஸ்டல் நகருக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்! அங்கே சவுத்மீட் ஆஸ்பத்திரியில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு தொடங்கியது. வருடத்தில் ஒரு நாள் லேபர் வார்டே வகுப்பறைக்கு வரவேண்டும். சீனியர் டாக்டர், ஜூனியர் டாக்டர், மருத்துவச்சி, மயக்க டாக்டர், யாருக்கும் விலக்கு கிடையாது! பொய் ரத்தப்போக்கு, பொய் வலிப்பு, தோள் சிக்கிக்கொண்ட பொம்மைக் குழந்தை. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்!

பலன்? மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கு 27 என்று இருந்தது 14-ஆக இறங்கியது. பாதி!

தோள் சிக்கிய பிரசவங்களில் அடிபட்ட குழந்தைகள் முன்பு 9.3 சதவீதம். பயிற்சிக்குப் பிறகு 2.3! பன்னிரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். தோள் சிக்கிய பிரசவங்கள் 562. கை நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள்? பூஜ்யம்!

லண்டனில் குழந்தைகளுக்கான கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி டாக்டர்கள் டி.வி.யில் கார் பந்தயம் பார்த்தார்கள். நேரே ஃபெராரி கார்க்காரர்களிடம் போய், இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐ.சி.யூ.விடம் ஒப்படைப்பது எப்படி என்று யோசனை கேட்டார்கள்! ஒவ்வொரு ஒப்படைப்பிலும் சராசரி 5.42 தவறு இருந்தது. ஆனது 3.15!

'பத்து நிமிடத்துக்குப் பத்து நொடி' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நெருக்கடியில் எல்லோரும் பத்து நொடி நிற்க வேண்டும். அடுத்த பத்து நிமிடத்துக்கு என்ன திட்டம் என்று வாய்விட்டுப் பேச வேண்டும். ஒத்திகையில் இதற்கே தனிப் பயிற்சி!

ஆபரேஷனுக்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலில் இதுவும் ஒன்று! டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது!

லட்ச லட்சமாகச் செலவு ஆகுமே என்கிறீர்களா? மெக்ஸிகோவில் ஒரு பயிற்சிக் குழு ஆபரேஷன் தியேட்டரில் போடும் பேன்ட்டை வெட்டித் தைத்து, ஒருவருக்கு மாட்டிவிட்டு, பிரசவ ஒத்திகையை முடித்துவிட்டது. அதே குழுவின் பயிற்சி நம் பீகாருக்கும் வந்துவிட்டது!

தான்சானியாவில் வெந்நீர் நிரப்பிய பொம்மைக் குழந்தைதான் வாத்தியார். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவழைக்கப் பழகினார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் சாவு எவ்வளவு குறைந்தது தெரியுமா? 47 சதவீதம்!