அடிவயிற்று வலிக்குச் சூட்டு ஒத்தடம்

“ஏற்கனவே ஒடம்புல சூடு புடிச்சிருக்கு. அதுக்கு மேல போயி சூடு வைக்கிறியா புள்ள?”

ஒரு பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுடுதண்ணிப் பையைத் தேடினால், லயத்தில் யாராவது ஒரு பாட்டி இப்படிக் கேட்காமல் இருக்க மாட்டார். ஒண்ணுக்குப் போகும்போது கடுத்தாலும், அடிவயிறு இழுத்துப் பிடித்தாலும் நம் மக்கள் அதைச் ‘சூடு’ என்றுதான் சொல்வார்கள். கொத்தமல்லித் தண்ணி, இளநீர், பார்லித் தண்ணி என்று குளிர்ச்சியாகத் தேடுவார்கள். அவற்றைக் குடிப்பதில் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் ‘சூடு’ என்று சொல்லும் அந்த எரிவு வேறு, வெளியே இருந்து தோலின் மேல் கொடுக்கும் இளஞ்சூடு வேறு. ஒத்தடம் கொடுப்பதால் அந்த எரிவு கூடிவிடாது. பலருக்கு வலி குறையும்.

கடுப்பு என்றாலே கிருமிதான் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரி. சிறுநீரைப் பரிசோதித்து, ஏற்ற மருந்தைச் சொன்ன நாட்களுக்கு முழுதாகக் குடித்தால் அது மாறிவிடும். சிலருக்கு மட்டும் மாறுவதில்லை. ஆறு கிழமைக்கு மேலாகியும் வலி இருக்கும். சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி கூடும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும், அரை மணித்தியாலத்தில் மறுபடியும் முட்டும். பரிசோதித்தால் கிருமி இருக்காது. இதை வைத்தியர்கள் நாட்பட்ட சிறுநீர்ப்பை வலி என்கிறார்கள். பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. ஆண்களுக்கும் வரும், ஆனால் அவர்கள் வெளியே சொல்வதில்லை.

கிருமி இல்லாத இந்த வலிக்குக் கிருமி கொல்லும் மாத்திரை வேலை செய்யாது. பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிக் குடிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

வலி சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தாங்குவதற்கு ஒரு தசை இருக்கிறது. பிள்ளைக்குக் கட்டும் தொட்டில் சேலை மாதிரி அது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கிறது. வலி வந்தால் அது தானாக இறுகும். அடக்கி வைத்தாலும் இறுகும். கொழுந்து மலையில் மறைவான இடம் இல்லாமல், காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்ததிலிருந்து மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறுகிய தசை வலிக்கும், அந்த வலியால் இன்னும் இறுகும். சூடு உதவுவது இந்த இடத்தில்தான். இளஞ்சூடு பட்டால் தசை தளரும், இரத்த ஓட்டம் கூடும். தோலில் சூட்டை உணரும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும்போது வலியின் செய்தி கொஞ்சம் அமுங்கிப் போகும்.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் வலி உள்ள பெண்களுக்கு ஏறக்குறைய 39 பாகை சூடுள்ள பட்டையை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். ஐபுபுரோஃபன் மாத்திரை கொடுத்த அளவுக்கு அந்தச் சூடும் வலியைக் குறைத்தது. அமெரிக்கச் சிறுநீரக வைத்தியர்கள் சங்கம் நாட்பட்ட சிறுநீர்ப்பை வலிக்கு 2022இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டியிலும், நோயாளி தானே செய்துகொள்ளக்கூடியவற்றில் சூட்டு ஒத்தடமும் குளிர் ஒத்தடமும் இருக்கின்றன. குளிரா என்று கேட்பீர்கள். ஆமாம், சிலருக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, ஈரத்துணிதான் இதமாக இருக்கும். இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தால் உங்களுக்கு எது சரி என்று உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

39 பாகை என்பது உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் கேட்கும் என்று நினைப்பது பிழை. 60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். 44 பாகைச் சூடுகூட ஒரே இடத்தில் ஆறு மணித்தியாலம் இருந்தால் தோல் வெந்துபோகும். ஒத்தடத்தோடு தூங்கிப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ரப்பர் பை இருந்தால், கொதித்த தண்ணீர் ஒரு பங்கும் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, முக்கால் பைக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்குங்கள். ஒரு தடவை தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்து, துவாயில் சுற்றி வையுங்கள். வெடிப்பு விழுந்த, பிசுபிசுக்கும் பழைய பையைத் தூக்கி எறிய வேண்டும். வயிற்றின் மேல் வைத்திருக்கும்போது பை கிழிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடிப் போத்தல் வேண்டாம், சூட்டுக்கு வெடிக்கும். சோடா வாங்கிய பிளாஸ்டிக் போத்தல் சுருங்கி ஒழுகும்.

பை இல்லாத வீட்டில் அரிசி இருக்கும். ஒரு சுண்டு அரிசியை வெறும் சட்டியில் போட்டு, கிண்டிக்கொண்டே சூடாக்கி, கனமான பருத்தித் துணியில் கட்டினால் அருமையான ஒத்தடப் பொட்டலம். பிள்ளையின் பழைய பாடசாலைக் காலுறையிலும் போட்டு முடியலாம். துணியோடு சேர்த்து அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். உப்பிலும் மணலிலும் சூடு அதிகமாகத் தங்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். எதுவானாலும் முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரை சுகமாகப் பொறுக்க முடியாவிட்டால் ஆறவிடுங்கள்.

மின்சாரச் சூட்டுப் பட்டையைக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் அம்மாவுக்கு வாங்கி வருகிறார்கள். நல்ல சாமான்தான், தானாக நிற்கும் வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. அதை மடிக்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, ஈரத்துணியோடு சேர்த்து வைக்கக்கூடாது, அதன்மேல் படுக்கக்கூடாது. பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகும் பழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது. அந்த வீட்டில் இந்தப் பட்டை வேண்டவே வேண்டாம், அரிசிப் பொட்டலமே போதும்.

வேலை முடிந்து, கைகால் கழுவி, முதலில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்து அதன் கீழே ஒரு தலையணை. தொப்புளுக்குக் கீழே, எலும்புக்கு மேலே பொட்டலத்தை வையுங்கள். சிலருக்கு நடு இடுப்பின் பின்பக்கம் வைத்தால் கூடுதல் சுகம். வலி கீழே, உட்காரும் இடத்தில் இருந்தால், உடுப்பின் மேலாகத் தொடைகளுக்கு நடுவே லேசான சூடு கொடுக்கலாம். அங்கே தோல் மெல்லியது, ஆகவே சூடு இன்னும் குறைவாக இருக்கட்டும். வயிறு உப்ப மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விடும்போது, அந்தத் தொட்டில் தசையைத் தொங்கவிடுங்கள். 15 நிமிடம், கூடினால் 20. தேவையானால் இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை.

எடுத்த பிறகு தோலைப் பாருங்கள். லேசாகச் சிவந்திருந்தால் பயமில்லை. நாள் கணக்கில் ஒரே இடத்தில் வைப்பவர்களுக்கு வலை விரித்த மாதிரி தவிட்டு நிறக் கோடுகள் விழும். எப்போதும் அடுப்படியில் குந்தியிருக்கும் பாட்டிமாரின் முழங்காலுக்குக் கீழே பார்த்திருப்பீர்கள், அதேதான். கோடு விழுந்தால் அந்த இடத்தில் சூடு வைப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். தைலம், பாம் பூசிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம். அட்டை கடித்த புண்ணின் மேலும் வேண்டாம். சிசேரியன் தையலைச் சுற்றித் தோல் மரத்துப் போயிருந்தால் அங்கே சூடு தெரியாமலே வெந்துவிடும். சீனி வியாதிக்காரருக்கும் இதே ஆபத்து உண்டு. கர்ப்பிணித் தாய்மார் மருத்துவ மாதைக் கேட்காமல் வயிற்றில் சூடு வைக்கக்கூடாது.

தேத்தண்ணியைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, நம் பிழைப்பே அதுதானே. ஆனால் இந்த வலி உள்ள பலருக்குச் சாயம் கூடிய தேத்தண்ணியும் கோப்பியும் மிளகாயும் புளிப்பும் வலியைக் கூட்டிவிடுகின்றன. இரண்டு கிழமைக்குக் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் பழையபடி குடியுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். மலையில் போக இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் பலர். சிறுநீர் கெட்டியானால் எரிவு கூடும், கிருமியும் எளிதாகத் தங்கும். போக இடம் வேண்டும் என்று கங்காணியிடமும் தலைவரிடமும் நாலு பேராகச் சேர்ந்து கேட்பதில் வெட்கம் இல்லை. ஒத்தடம் மலசலகூடத்துக்குப் பதிலாகாது.

காய்ச்சலும் நடுக்கமும், விலாவுக்குப் பின்னால் குத்தும் வலி, சிறுநீரில் இரத்தம், முட்டியும் போக முடியாமை, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று வரும் வயிற்று வலி, வலப்பக்க அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம் வைத்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு என்றாலும் லொறியோ த்ரீவீலோ பிடித்துக்கொண்டு போங்கள்.

அவசரம் இல்லாத நாட்பட்ட வலி என்றால், முதலில் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். “வயிறு வலிக்குது ஐயா” என்று மட்டும் சொன்னால் வயிற்றுப்புண் மருந்துதான் கிடைக்கும். பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள், இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், எப்போது வலி கூடுகிறது, ஒத்தடம் வைத்தால் எவ்வளவு நேரம் குறைகிறது. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லிக் கோடு போட்டு வைக்கலாம். ஐயாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் கொப்பியை மருத்துவ மாதிடம் கொடுங்கள், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.