தொண்டையில் நிற்கும் சளி

கோவை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடியக்காலையில் காய்கறி மூட்டையோடு வந்து இறங்குகிறவர்களில் சிலர், பேச்சை ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு தடவை தொண்டையைக் காறிச் செருமிக்கொள்வார்கள். கேட்டால், "நெஞ்சுச் சளிங்க, மூணு மாசமா விடமாட்டேங்குது" என்பார்கள். பல பேருக்கு அது நெஞ்சிலிருந்து வருவதே இல்லை. மூக்கிலிருந்து பின்பக்கமாக இறங்குவது.

நம் மூக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளும் ஒரு நாளைக்குச் சுமார் 1 லிட்டர் சளிநீரைச் சுரக்கின்றன. தூசியை ஒட்டவைத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். நாமும் அறியாமலே விழுங்கிவிடுவோம். அது அதிகமாகச் சுரந்தாலோ, கெட்டிப்பட்டாலோ, வாய்க்காலில் செத்தை அடைத்த மாதிரி தொண்டையில் நின்றுகொள்கிறது. காறக் காறத் தொண்டை புண்ணாகும். புண்ணான தொண்டையில் சளி இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே தோன்றும். அதனால் காறத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணி குடித்து விழுங்கிப் பாருங்கள்.

சரி, ஏன் இப்படிச் சுரக்கிறது? பெரிய காரணம் ஒவ்வாமை. சோளத்தட்டு அறுக்கையிலும், கோழிப்பண்ணையில் எரு அள்ளுகையிலும், ஜின்னிங் ஆலையில் பஞ்சு பறக்கையிலும் தூசி மூக்கில் ஏறுகிறது. அடுக்குத் தும்மல், மூக்கு நமைச்சல், கண்ணில் நீர், இவை கூடவே இருந்தால் ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம்.

வரப்போரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே பார்த்தீனியம், அதையும் சும்மா விடக்கூடாது. 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கக் களை நாடெங்கும் பரவிவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். மகரந்தம் மூக்கைக் கெடுக்கும், செடி தோலை அரிக்கும். பூக்கும் முன்னரே, ஈரம் இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பயிரில்லாத தரிசு நிலமானால் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளிக்கலாம். பயிர் நிலத்தில் வேண்டாம், மண் உவர்ந்துபோகும்.

இன்னொரு காரணம் வயிற்றில் இருக்கிறது. ராத்திரி தண்ணி கட்டிவிட்டு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால், புளிப்புநீர் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுங்கள். பீடியும் சிகரெட்டும் எந்தக் காரணத்தோடும் சேர்ந்து கெடுதல் செய்யும். பால் குடித்தால் சளி கூடும் என்பது மட்டும் வீண்பழி; வாயில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும், அவ்வளவுதான்.

வைத்தியத்துக்கு வருவோம். அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, குனிந்து நின்று ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வழியவிடுங்கள். கிணற்றுத் தண்ணியோ குழாய்த் தண்ணியோ அப்படியே ஆகாது. 2024-இல் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு, மூக்கு வழியே ஏறிய அமீபா மூளையைத் தாக்கி உயிரைப் பறித்தது நினைவிருக்கட்டும்.

ஒவ்வாமைக்கு டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து தருவார். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய 2 வாரம் வரை ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கலீங்க" என்று தூக்கிப் போடாதீர்கள். தலையைச் சற்றே குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும், நடுத்தண்டில் படாமல் அடிக்க வேண்டும். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து அப்படியல்ல. போட்டவுடன் மூக்கு திறக்கும். 5 நாளுக்கு மேல் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். ஒவ்வாமை மாத்திரையில் சில தூக்கம் வரவைக்கும். போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டாதீர்கள்.

இருமலோடு சளி 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், வேறெதையும் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ச் சோதனைக்குக் கொடுங்கள்; சோதனையும் மருந்தும் இலவசம். சளியில் ரத்தம், 3 வாரமாகக் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் வடிதல், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறிடத்திலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.