வெள்ளம் வடிந்த பின்னர்

மழைக்காலம் வந்தால் நம் நாட்டின் ஏதாவதொரு பகுதி நீரில் மூழ்குவது வழக்கமாகிவிட்டது. செய்தி கேட்டதும் நாம் சும்மா இருப்பதில்லை. பள்ளிவாசலில் பணம் சேர்கிறது. பாடசாலையில் அரிசி, பருப்பு, சீனி சேர்கின்றன. ஓரிரு நாளிலேயே லொறி புறப்பட்டுவிடுகிறது. இந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆயினும் கொடுக்கும் மனம் மட்டும் போதாது. யாருக்கு, எப்பொழுது, எது தேவை என்பதை அறிந்து கொடுக்கும்போதுதான் நிவாரணம் முழுமை பெறுகிறது.

வெள்ளம் என்பது ஒரே சொல்தான். அது விட்டுச் செல்லும் இழப்போ இடத்துக்கு இடம் வேறுபடும்.

2016 மே மாதம் பெய்த கடும் மழையால் களனி கங்கை பெருக்கெடுத்தது. கொலன்னாவ, வெல்லம்பிட்டிய, கடுவெல போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீர் வடிந்தபோது வீடு நின்றது. ஆனால் உள்ளே சேறும், ஊறிப்போன மெத்தைகளும், பழுதான அடுப்பும்தான் எஞ்சின. அங்கே வேண்டியிருந்தவை மண்வெட்டி, வாளி, தும்புத்தடி, கிருமிநாசினி, இவற்றோடு வேலை செய்யும் கைகள்.

அதே மழையில், மே 17ஆம் திகதி, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அங்கே துப்புரவு செய்ய வீடே இல்லை. திரும்பிச் செல்ல நிலமும் இல்லை. உயிர் தப்பியவர்களுக்குப் பாதுகாப்பான காணியும் புதிய வீடும் வேண்டியிருந்தன.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணம் கண்ட வெள்ளம் இன்னொரு விதம். மட்டக்களப்பு, அம்பாறை உட்படப் பல மாவட்டங்களில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்போக நெல் விளைந்துவரும் காலம் அது. வீட்டிலிருந்த நீர் சில நாட்களில் வடிந்தது. ஆனால் விதைநெல்லுக்கும் பசளைக்கும் கடன்பட்ட விவசாயிக்கு வயலும் போயிற்று, கடனும் மிஞ்சியது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதி உலருணவு ஒரு வார ஆறுதல்தான். அடுத்த போகத்துக்கான விதைநெல்லே அதற்கு உண்மையான உதவி.

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். முதல் ஓரிரு நாட்களில் அடுப்பு மூட்ட வழியில்லை. அப்போது சமைத்த உணவும் சுத்தமான குடிநீரும் வேண்டும். வீடு திரும்பியதும் உலருணவு, பாய், பாத்திரம் வேண்டும். அசுத்தமான கிணற்றை இறைத்துக் குளோரின் இட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனை பெற்ற பின்னரே அந்நீரைக் குடிக்கலாம். வெள்ள நீரிலும் சேற்றிலும் நடப்போருக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும் என்பதால், துப்புரவுக்குச் செல்லும் தொண்டர்களும் காலணி அணிவது அவசியம். அதன் பிறகு வருவது தொழிலை மீட்கும் காலம். தையல் இயந்திரத்தை இழந்த தாய்க்கும், கடைச் சாமான்களை இழந்த சிறு வியாபாரிக்கும் உதவி மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். ஆனால் அதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது, லொறிகளும் நின்றுவிடுகின்றன.

சிலர் கண்ணில் படாமலே போகிறார்கள். முகாமுக்குச் செல்லாமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியவர்கள் பட்டியலில் விடுபடலாம். வாடகை வீட்டில் இருந்தவர்களின் நிலையும் அதுதான். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துவிட்டுச் சென்றால், ஒரே வீட்டுக்கு நான்கு பொதிகள் போவதையும் பக்கத்து வீடு வெறுமையாய் இருப்பதையும் தவிர்க்கலாம். முகாமில் இருக்கும் பெண்களின் தேவைகளை ஆண்களிடம் சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள். சுகாதாரத் துவாய்கள், உள்ளாடைகள், உடை மாற்ற மறைவான இடம், இரவில் கழிவறைக்குச் செல்ல வெளிச்சம் ஆகியவற்றைக் கேட்டறியப் பெண்களே போக வேண்டும். இந்தப் பொறுப்பு நம்முடையது.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியதே. நாம் உடுத்தத் தயங்கும் கிழிந்த உடையைப் பிறருக்கு அனுப்புவது தர்மமாகாது. அதைத் தரம் பிரிக்கவே அங்குள்ளவர்களின் நேரம் வீணாகும். பொதி வாங்குபவரைப் படமெடுத்துப் பரப்புவது அவருடைய மானத்தைத் தொடும் செயல். நேற்றுவரை அவரும் பிறருக்குக் கொடுத்தவராக இருந்திருக்கலாம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனத்தை நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்குர்ஆன் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினருள் கடனாளியும் ஒருவர் என்பதையும் அறிவோம். வெள்ளத்தால் கடனில் விழுந்தவருக்கு ஸகாத்தில் எவ்வாறு உதவலாம் என்று உலமாக்களிடம் கேட்டுச் செய்யலாம். ஸதகாவோ எல்லா மதத்தவருக்கும் திறந்த வாசல். வெள்ளம் பேதம் பார்த்து வருவதில்லை. நம் கையும் பார்க்க வேண்டியதில்லை.

மாணவிகளாகிய நாம் என்ன செய்யலாம்? பெரிய தொகை நம்மிடம் இல்லை. ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஒரு மாணவியின் குறிப்புக் கொப்பிகள் நீரில் கரைந்துவிட்டால், அவளுக்கு எது தேவை என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? நம் குறிப்புகளைப் பிரதி எடுத்துப் பாடவாரியாகக் கட்டி அனுப்பலாம். கடந்தகால வினாத்தாள்கள், அப்பியாசக் கொப்பிகள், சீருடைத் துணி ஆகியவற்றைச் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இழந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். சிங்களம் தெரிந்த மாணவிகள் அலுவலகத்துக்கு உடன் சென்று பேசவும் உதவலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளச் செய்தி வந்ததும் கொடுக்க நினைக்கும் பணத்தில் பாதியை அன்றே கொடுங்கள். மீதியை மூன்று மாதங்கள் எடுத்து வைத்திருங்கள். பின்னர் அதே ஊரை விசாரித்து, இன்னும் எழுந்து நிற்க முடியாத ஒரு குடும்பத்தைத் தேடிக் கொடுங்கள். எல்லோரும் மறந்திருக்கும் வேளையில் போய்ச் சேரும் அந்த உதவி, அவர்கள் மீண்டும் தம் சொந்தக் காலில் நிற்கத் துணையாகும்.