உஷ்ணமானியின் முள்ளை நம்பலாமா?

உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. சென்னைக்கு அருகில் 1961 முதல் செய்யப்பட்டு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டது. ஆயினும் இத்தகைய பழைய வண்டிகளை விற்க மனமின்றி வைத்திருக்கும் அன்பர்கள் ஆங்காங்கு உளர். நூற்கட்டையோ காய்கறி மூட்டையோ பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே போய்வர அவை இன்றும் உதவுகின்றன. இவ்வண்டிகளை உடையவர்களை அடிக்கடி கலக்குவது ஓட்டுபவர் முன்னுள்ள உஷ்ணமானியின் முள்.

முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் பதறி ரேடியேட்டரைக் கழற்றச் சொல்கிறோம். அது தெளியாவிடில் தண்ணீர்ப் பம்பை மாற்றுகிறோம்; பின்னர் சிலிண்டர் ஹெட்டையே இறக்கிவிடுகிறோம். இவ்வளவு செலவுக்குப் பிறகும் முள் அதே இடத்தில் நிற்குமாயின், கோளாறு யந்திரத்தில் இருந்ததா, முள்ளில் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. இக்கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சாயத் தொட்டியின் சூட்டில் ஐயம் வந்தால் நெசவாளர் அடுப்பையா முதலில் இடிக்கிறார்? வேறொரு உஷ்ணமானியை விட்டுப் பார்க்கிறார் அல்லவா?

முதற் சோதனைக்குக் காசு வேண்டாம். இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில், விடியற்காலையில் யந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிச் சிறிது பொறுத்துப் பாருங்கள். முள் அடிமட்டத்தில் இருத்தல் வேண்டும். குளிர்ந்த யந்திரத்தில் அது நடுவிலோ மேலேயோ ஏறி நின்றால் பொய் சொல்வது உஷ்ணமானியே. அடுத்து, ஓடும்போது முள்ளின் நடத்தையைக் கவனியுங்கள். சிதம்பரம் தேர் வீதிகளில் திருவிழாக் கூட்டத்தினூடே ஊர்ந்து செல்கையில் மெல்ல ஏறி, புறவழிச் சாலையில் காற்றுப் பட்டதும் மெல்ல இறங்கினால், அம்முள் பெரும்பாலும் உண்மையே பேசுகிறது. விசிறி பெல்ட்டையும் ரேடியேட்டரையும் பார்க்க வேண்டும். முன் விளக்கைப் போட்டதும் முள் இடம் மாறினால் குற்றம் மின் இணைப்பில், பெரும்பாலும் எர்த்தில் இருக்கும். நீரின் சூடு அவ்வளவு விரைவாக மாறாது.

உஷ்ணமானிகள் இருவகை. மிகப் பழைய வகையில், ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த குமிழ் ஒன்று யந்திரத்தில் செருகப்பட்டிருக்கும். அதன் ஆவியழுத்தம் மெல்லிய செப்புக் குழல் வழியே வந்து முள்ளைத் தள்ளும். குழல் மடிந்து உடைந்தால் முள் கீழே விழுந்து கிடக்கும். பற்றவைத்தால் மட்டும் போதாது, திரவத்தையும் மறுபடி அடைக்க வேண்டும். பின்னர் வந்தது மின்சார வகை. இதில் மெக்கானிக்குகள் சென்சார் என்று சொல்லும் உணர்கருவி யந்திரத்தில் திருகப்பட்டிருக்கும். நீர் சூடேற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் உயரும்.

மின்சார வகையைச் சோதிப்பது எளிது. சாவியைத் திருப்பி, உணர்கருவியின் ஒயரைக் கழற்றுங்கள். முள் கீழே இறங்க வேண்டும். இறங்காவிடில் ஒயர் எங்கோ தோலுரிந்து வண்டியின் உடலைத் தொடுகிறது, அல்லது உஷ்ணமானியே பழுது. பிறகு அந்த ஒயர் முனையை யந்திரத்தின் வெறும் இரும்பில் சில விநாடிகள் மட்டும் தொடுங்கள். முள் மேலேறத் தொடங்கினால் ஒயரும் உஷ்ணமானியும் வேலை செய்கின்றன. உணர்கருவியையே ஐயுற வேண்டும். முள் மேல் எல்லையை அடையும்வரை பிடித்திருக்கலாகாது, உஷ்ணமானி கெடும். கம்ப்யூட்டர் பொருத்திய புது வண்டிகளில் இச்சோதனையைச் செய்யவே வேண்டாம்.

உஷ்ணமானியும் பெட்ரோல் முள்ளும் ஒருசேரத் தவறாகக் காட்டுகின்றனவா? அப்படியாயின் உணர்கருவியை விட்டுவிடுங்கள். 1960களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இவ்விரண்டுக்கும் சீராக 10 வோல்ட் தர ஒரு சிறு டப்பா உண்டு. உள்ளேயுள்ள உலோகப் பட்டை சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டித்தும் சேர்த்தும் சராசரியாக அந்த அளவைத் தரும். அதன் எர்த் துருப்பிடித்தால் பட்டை வளையாது. பாட்டரியின் முழு அழுத்தமும் போய் இரு முட்களும் உயர்ந்து நிற்கும். டப்பாவின் திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்குவதுடன் பல சமயம் வைத்தியம் முடிந்துவிடுகிறது.

உணர்கருவியைச் சோதிக்க அடுப்பும் பாத்திரமும் போதும். யந்திரம் நன்றாக ஆறியபின் அதைக் கழற்றி, நுனி மட்டும் நீரில் அமிழுமாறும் பாத்திரத்தைத் தொடாமலும் தொங்கவிடுங்கள். மேல்முனையை வண்டியின் ஒயருடனும், உலோக உடலைத் தனிக் கம்பியால் யந்திர இரும்புடனும் இணையுங்கள். பெட்ரோல் வாடைக்கு எட்டாத தூரத்தில் அடுப்பை வைத்து, கண்ணாடி உஷ்ணமானி ஒன்றையும் நீரில் விடுங்கள். 80 டிகிரியில் முள் எங்கே நிற்கிறது, 90இல் எங்கே, கொதிக்கும்போது எங்கே என்று பார்த்து, கண்ணாடியின் மேல் சிறு சாயப் புள்ளி இடுங்கள். நம் கடலோரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதால் கடைசிப் புள்ளி தவறாது. எண்ணே இல்லாத உஷ்ணமானிக்கு இதைவிடப் பயனுள்ள சிகிச்சையை யாம் அறியோம். முள் சிறிது தவறாகக் காட்டினாலும் எவ்வளவு தவறு என்பது தெரிந்துவிடும்.

புதிய உணர்கருவி வாங்கிப் பொருத்திய பிறகே தவறு தொடங்குவதும் உண்டு. மரை பொருந்துவதாலேயே உள்ளிருக்கும் மின்தடை பொருந்திவிடாது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காமல், வண்டியின் மாதிரியைச் சொல்லிக் கேளுங்கள். மரையில் வெள்ளை நாடாவை அளவுக்கு மிஞ்சிச் சுற்றினால் எர்த் தடைப்பட்டு முள் தாழ்ந்து காட்டும்.

உயர்ந்து காட்டும் முள் பணத்தை வீணாக்கும். தாழ்ந்து காட்டும் முள்ளோ யந்திரத்தையே அழித்துவிடும். ரேடியேட்டரில் நீர் குறைந்தால் உணர்கருவி நீரை விட்டு ஆவியிலோ காற்றிலோ நிற்கும். அப்பொழுது யந்திரம் வெந்துகொண்டிருக்க, முள் அமைதியாக இருக்கும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென விழுந்தால் சூடு தணிந்தது என்று மகிழாமல் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். அங்ஙனமே ஓட்டினால் ஹெட் வளைந்து காஸ்கெட் போகும். முள் எப்போதும் தாழ்ந்தே இருப்பதற்கு, திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் வால்வும் காரணமாகலாம். வெப்ப நாட்டுக்கு அது வேண்டாம் என்று கழற்றி எறியும் வழக்கத்தை யாம் ஏற்பதற்கில்லை. ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் திறந்து, யந்திரம் தன் வேலைச் சூட்டை விரைவில் அடையச் செய்வது அதுவே.

உவர்நீரும் ஒரு காரணம். கடலோரக் கிணற்று நீரை ஊற்றி வந்தால் உணர்கருவியின் நுனியில் உப்பும் காறையும் படிந்து, சூடு அதை எட்டத் தாமதமாகும். வடித்த நீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுவதே நலம். சோதனை முடிந்து உணர்கருவியைத் திருகியபின் நீரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே சிறிது நேரம் யந்திரத்தை ஓடவிட்டுச் சிக்கிய காற்றை வெளியேற்றி, குறைந்த அளவை நிரப்பிப் பிறகு மூடுங்கள். ஓடிவந்த வண்டியின் மூடியை மட்டும் சூடு ஆறுமுன் தொடவேண்டாம். அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.