நாய்க்குருளையும் தடுப்பூசியும்

நாயின் இளமைப் பெயர் குருளை என்று தொல்காப்பிய மரபியல் கூறும். குட்டியென வழங்குதலும் அங்கு விலக்கப்படவில்லை. ஆதலின் யாம் இரு பெயரையும் ஈண்டு எடுத்தாளுவோம்.

சென்ற ஆண்டு 7 வாரக் குருளையொன்றை மாணவர் சிலர் எம் விடுதிக்குக் கொணர்ந்தோம். மிருக வைத்தியரிடம் எடுத்துச் சென்று ஊசியும் போடுவித்தோம். மூன்று வாரங் கழித்து மீண்டும் வருக என்று அவர் சொல்லியனுப்பினார். அதற்குள் தேர்வு வந்தது. ஊசிதான் போட்டாயிற்றே என்று யாமும் வாளாவிருந்துவிட்டோம். பதின்மூன்றாம் வாரத்தில் அக்குட்டி உணவை வெறுத்தது; வாந்தியும், பின்னர்த் தீநாற்றமுடைய இரத்தக் கழிச்சலும் கண்டன; மூன்றாம் நாள் மாண்டது. "ஊசி போட்டும் செத்ததே, பின் ஊசியினால் என்ன பயன்?" என்றார் நண்பரொருவர். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அக்குட்டியைக் கொன்றது பார்வோ என்னும் வைரஸ். 1978-ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நோய் பரவிற்று. உடலில் விரைந்து பெருகும் அணுக்களையே இக்கிருமி நாடும். குடலின் உட்தோலும், எலும்பினுள் இரத்தம் பிறக்கும் மச்சையும் அத்தகையன. குடல் புண்ணாதலும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைதலும் ஒருங்கே நிகழ்தலால் குருளை தாங்காது. நோயுற்ற நாயின் மலத்தின்வழி வெளிப்பட்டு, மண்ணிற் பல மாதங்கள் இக்கிருமி அழியாதிருக்கும். நம் செருப்பிலே ஒட்டி வீட்டினுட் புகுதலும் கூடும். மனிதரை இது பற்றாது.

இனி, ஊசி ஏன் பலிக்கவில்லை? ஈன்ற முதல் நாளிற் குருளை உண்ணும் சீம்பாலோடு தாயின் நோயெதிர்ப் பொருள்களும் அதன் உடலிற் சேர்கின்றன. முதற் சில வாரங்களில் அவையே அதற்குக் காவல். நாளடைவில் அவை குறைந்து மறையும். தடுப்பூசியில் உள்ளதோ வலியொடுக்கப்பட்ட அதே கிருமி. கள்வனொருவனைக் கைகளைக் கட்டி இல்லத்தார்க்குக் காட்டி, "இவன் முகத்தை நினைவில் வையுங்கள்" என்று சொல்வதை ஒப்பது அது. வாயிலிலோ தாய் நிறுத்திய கிழக்காவலன் நிற்கின்றான். கட்டுண்ட கள்வனை அவன் உள்ளே விடாது துரத்திவிடுகின்றான். இல்லத்தார் அம்முகத்தைக் காணவேயில்லை. பின்பு கட்டில்லாத கள்வன் வருங்கால் அவனைத் தடுக்கக் கிழவனுக்கு வலியில்லை.

இக்கிழவன் என்று விலகுவான் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். சிலவற்றிற்கு 6 வாரத்தில். சிலவற்றிற்கு 16 வாரமும் ஆகும். ஓரீற்றுக் குட்டிகளுள்ளும் இவ்வேறுபாடு உண்டு. ஆதலினாலேயே 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிரம்பும்வரை, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடுகின்றனர். ஓராண்டு நிறைவதற்குள் மீண்டும் ஒன்று போடுவர். எம் குட்டிக்குத் தவறியது அவ்விரண்டாம் ஊசியே. அன்றியும், ஊசிகள் முற்றுமுன் தெருநாய்கள் திரியுமிடத்திற் குருளையை விடலாகாது. யாமோ சமையற்கட்டின் புறத்தே, எச்சிலிலை விழுமிடத்தில் விளையாட விட்டோம்!

டிஸ்டெம்பர் என்னும் பிறிதொரு தொத்துநோயும் இவ்வூசியிலேயே தடுக்கப்படுகின்றது. அது வைரஸால் வருவதென்று 1905-இல் பிரான்சு தேசத்துக் கர்ரே என்பவர் காட்டினார். அது நாயோடு நில்லாது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வனத்துச் சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்நோய்க்கு இரையாயின.

வெறிநோய்க்குரிய ஊசி தனியே போடவேண்டுவது. 3 மாதம் நிரம்பியபின் ஒன்றும், ஓராண்டு கழித்து ஒன்றும், பின்னர் வைத்தியர் குறிக்கும் காலந்தோறும் போடல் வேண்டும். சிறு குட்டிக்கு வெறி வராதென்று நம்மவர் பலர் எண்ணுவது பிழை. குட்டி கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், புண்ணை நக்கினாலும், அவ்விடத்தைச் சவுக்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெறிநோய்க் குறிகள் தோன்றியபின் பிழைப்பவர் மிக அரியர்.

எம் குட்டி கிடந்த சாக்கை எரித்தோம். தரையை வெளுப்புத்தூள் கரைத்த நீரால் கழுவினோம். ஊசிகளெல்லாம் முற்றாத வேறொரு குருளையை ஓராண்டளவும் அங்கே கொணரலாகாது என்று வைத்தியர் கூறியிருக்கின்றார்.