கல்யாணப் பத்திரிகையில் ஒரு கணக்குப் பாடம்

"எனக்குக் கணக்கு வராதும்மா. உனக்கே வரலைன்னு நீதானே சொன்னே?"

ஒன்பதாவது படிக்கும் என் இளைய பெண் போன ஆடி மாதம் ஒரு ராத்திரி இப்படிக் கேட்டாள். கையிலிருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றுவிட்டது. ஆமாம், சொல்லியிருக்கிறேன். மாமியார் முன்னால், பக்கத்து வீட்டார் முன்னால், சிரித்துக்கொண்டே பல தடவை. "நம்ம குடும்பத்துக்கே கணக்கு ஆகாது!" நான் வேடிக்கையாகச் சொன்னதை அவள் ஜாதகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

டெஸ்டில் 'காரணிப்படுத்துக' என்று வந்த கேள்விகளையெல்லாம் தொடாமலே விட்டுவிட்டு வந்திருந்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நானும் அந்தக் காலத்தில் அதே கேள்விகளை விட்டவள்தான். சரி, முதலில் நான் கற்றுக்கொள்வோம் என்று மாடி வீட்டுப் பையனின் பழைய புத்தகத்தை வாங்கி வந்தேன். பகலில் சமையல்கட்டை ஒழித்துவிட்டுத் தினம் அரைமணி நேரம் உட்கார்ந்தேன்.

காரணிப்படுத்துவது என்றால் பெருக்கலைத் திருப்பிப் பார்ப்பது. 12-ஐ 3 × 4 என்று பிரிக்கிறோமே, அதேதான். எக்ஸ்² + 5எக்ஸ் + 6 என்பது எந்த இரண்டைப் பெருக்கி வந்தது? 'பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடி' என்கிறது புத்தகம். ஏன் அப்படி? அங்கேதான் எனக்கு முட்டியது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். "பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கா? வெட்டுங்கோ" என்றார். 9 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று, அதுதான் எக்ஸ்². 9 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் பட்டை ஐந்து. ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ். 2 செ.மீ. பக்கத்தில் சின்னக் கட்டம் ஆறு, ஒவ்வொன்றும் 1. இத்தனையையும் சேர்த்து, சந்து விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே செவ்வகமாக அடுக்க வேண்டும்.

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சதுரத்துக்குப் பக்கத்திலும் கீழேயும் பட்டைகள், மூலையில் சின்னக் கட்டங்கள். ஆறு கட்டத்தையும் ஒரே வரிசையாக வைத்தோம். பக்கத்தில் 6, கீழே 1, ஆக 7 பட்டை வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ ஐந்து. இரண்டு வரிசையாக மும்மூன்று வைத்தோம். பக்கத்தில் 3 பட்டை, கீழே 2. கச்சிதமாகப் பொருந்தியது! ஒரு பக்கம் எக்ஸ் + 3, மறு பக்கம் எக்ஸ் + 2. அதுதான் விடை.

"அம்மா! மூலைக் கட்டத்தைப் பெருக்கணும், பட்டையைக் கூட்டணும், அவ்வளவுதானா?" என்று கத்தினாள் பெண். சுமார் 3,800 வருஷத்துக்கு முன்பே பாபிலோனியர்கள் களிமண் பலகையில் இதே மாதிரிக் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். நீளமும் அகலமும் கூட்டினால் இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு, தனித்தனியே எவ்வளவு என்று!

மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம். அதைக் கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தரும் தம் நூலில் தனம், கடன் என்றுதான் பிரித்தார். எக்ஸ்² − எக்ஸ் − 12 என்ற கணக்கில் பெருக்கினால் −12, கூட்டினால் −1 வர வேண்டும். 4 ரூபாய் கடன், 3 ரூபாய் கையிருப்பு. மிச்சம் 1 ரூபாய் கடன். ஆக, (எக்ஸ் − 4)(எக்ஸ் + 3).

எக்ஸ்²-க்கு முன்னால் எண் இருந்தால் ஒரு படி கூடுதல். 2எக்ஸ்² + 7எக்ஸ் + 3 என்றால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: 6. பெருக்கினால் 6, கூட்டினால் 7 வருவது 6-ம் 1-ம். நடு உறுப்பை அப்படிப் பிரித்து எழுதுங்கள்: 2எக்ஸ்² + 6எக்ஸ் + எக்ஸ் + 3. இரண்டிரண்டாகப் பொதுவானதை வெளியே எடுத்தால் 2எக்ஸ்(எக்ஸ் + 3) + 1(எக்ஸ் + 3). விடை (2எக்ஸ் + 1)(எக்ஸ் + 3).

சரிபார்க்க ஒரு சுலப வழி: எக்ஸுக்குப் பதில் 10 போடுங்கள். கடன் கணக்கில் 100 − 10 − 12 = 78; விடையில் 6 × 13 = 78. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தப்பு. முழு எண்களில் பிரியாததும் உண்டு. எக்ஸ்² + எக்ஸ் + 1 அப்படித்தான். அதற்காகக் குழந்தையைத் திட்டாதீர்கள்!

அரையாண்டுப் பரீட்சையில் காரணிக் கணக்கு ஐந்தில் நான்கு சரி. ஒன்றில் மைனஸை விட்டுவிட்டாள். "அடுத்த தடவை பத்து போட்டுப் பார்த்துடறேன்" என்றாள். 'எனக்கு வராது' என்று சொல்லவில்லை. நானும் இப்போது சொல்வதில்லை.

பத்தாவதில் இதை வைத்தே இருபடிச் சமன்பாடு வருகிறதாம். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை!